காயமும் குறிப்பேடும்

அன்புள்ள ஐயா,

ராணுவ மருத்துவம் பற்றிய கட்டுரையில் ‘போர்தான் அறுவை சிகிச்சையின் பள்ளிக்கூடம்’ என்று எழுதியிருந்தீர்கள். பதினொரு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரத்தம் ஒழுகத் தூக்கி வரப்படுகிறவனுக்கு வேண்டியது வைத்தியமா, ஆராய்ச்சியா? சிப்பாயைச் சோதனை எலியாக்குவதைக் கொண்டாடலாமா?

கே.

அன்புள்ள கே.,

அந்த வரி தவறு. போர் காயத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பாடம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அது எங்கிருந்து என்று அந்தக் கட்டுரையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

1537, துரின் நகரை ஒட்டி பிரெஞ்சுப் படையின் முகாம். அம்ப்ருவாஸ் பாரே என்ற இளம் மருத்துவருக்கு அதுதான் முதல் போர்க்களம். துப்பாக்கிக் காயத்தில் விஷம் ஏறியிருக்கும், கொதிக்கும் எண்ணெயை ஊற்றித்தான் அதை முறிக்க வேண்டும் என்பது அன்றைய வைத்தியம். அன்று எண்ணெய் தீர்ந்துபோய்விட்டது. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜாத் தைலம், டர்பன்டைன் மூன்றையும் குழைத்து மிச்சப் பேருக்குப் பூசினார். இரவு முழுக்கத் தூக்கமில்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் விஷமேறிச் செத்துக்கிடப்பார்களோ என்ற பயம். விடிவதற்கு முன்பே எழுந்து போய்ப் பார்த்தார். களிம்பு பூசியவர்கள் பெரிய வலியோ வீக்கமோ இல்லாமல் இருந்தார்கள், இரவில் நன்றாகத் தூங்கியுமிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலிலும் வலியிலும் துடித்துக்கொண்டிருந்தார்கள். தான் கண்டதை எழுதி 1545இல் புத்தகமாக வெளியிட்டார்.

வைத்தியமா, ஆராய்ச்சியா என்று கேட்டீர்கள். அந்த அதிகாலையில் பாரே செய்தது இதில் எது? பிழைத்தானா என்ற பதைப்பில் போனார், பார்த்ததை எழுதி வைத்தார். என்னால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எழுதி வைத்ததால் என்ன ஆனது என்பதற்கு டூர்னிகெட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ரத்தம் ஒழுகாமல் நிறுத்தக் கை காலை இறுக்கிக் கட்டும் பட்டை, உங்கள் கையில் தினமும் புழங்கும் பொருள். அதைக் கட்டினால் கை கால் போய்விடும் என்று நெடுங்காலம் பயந்தார்கள், கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கை காலில் மட்டும் அடிபட்டு, ரத்தம் போயே எத்தனையோ சிப்பாய்கள் செத்தார்கள். அப்புறம் 2006இல் பாக்தாத்தில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில், டூர்னிகெட் கட்டப்பட்ட 232 பேரைப் பற்றிக் கணக்கெடுத்தார்கள். ரத்தம் போய், உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் ஆகும் அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். டூர்னிகெட் கட்டிய காரணத்தால் மட்டும் யாரும் கை காலை இழக்கவில்லை.

இதில் ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். பட்டையை இறுக்கி, குச்சியைத் திருகி, கொக்கியில் மாட்டியதும் கட்டிய நேரத்தை அதன் மேலேயே எழுதச் சொல்கிறார்கள். அடுத்து அவனைக் கையில் வாங்கும் சர்ஜனுக்கு அந்த நேரம் தெரிந்தாக வேண்டும். பின்னால் பதிவேட்டில் ஏறுவதும் அதே நேரம்தான். அதை எழுதியவர் ஆராய்ச்சி செய்வதாக நினைத்திருக்க மாட்டார்.

ரத்தக்குழாய் விஷயமும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் ஏற்பட்ட 2,471 தமனிக் காயங்களின் விவரங்களை அமெரிக்க சர்ஜன்கள் டிபேக்கியும் சிமியோனும் 1946இல் தொகுத்தார்கள். பெரும்பாலும் அறுந்த தமனியைத் தைக்காமல் முடிச்சுப் போட்டுக் கட்டித்தான் விட்டிருந்தார்கள். அப்படிக் கட்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கை காலையே எடுக்க வேண்டியிருந்தது. கொரியப் போரில் ஹெலிகாப்டரில் சீக்கிரம் கொண்டுவந்து, தமனியைத் தைக்க ஆரம்பித்ததும் அது நூற்றுக்குப் பதின்மூன்றாக இறங்கியது. முந்தைய கணக்கு இல்லாவிட்டால், இறங்கியது என்றுகூட யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நடந்த வைத்தியத்தைப் பதிவு செய்வது வேறு, புதிதாக ஒன்றை ஒருவன் உடம்பில் செய்து பார்ப்பது வேறு. மேலதிகாரி கேட்டால் சிப்பாய் எப்படி முடியாது என்பான்? அதனால்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி விதிகளில், சிப்பாய்களிடம் சம்மதம் கேட்கும்போது அவர்களுடைய அதிகாரிகள் அங்கே இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவைச் சாத்தி வைப்பதில் எனக்குச் சமரசமே கிடையாது.

சோதனை எலி என்றீர்களே, அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில், இரண்டாம் உலகப் போரில் முகமும் கையும் வெந்துபோன விமானப்படையினருக்கு ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற சர்ஜன் சிகிச்சை அளித்தார். கடலில் விழுந்த விமானிகளின் தீக்காயம் நன்றாக ஆறுவதைக் கவனித்து, உப்புநீர்க் குளியலைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். வார்டில் நோயாளிக்கான உடையைத் திணிக்காமல் அவர்களுடைய சீருடையையே போடவிட்டார். ஊருக்குள் போய்வரச் சொன்னார், ஊர் மக்களிடமும் பேசி வைத்தார். 1941இல் அந்த நோயாளிகளே ஒரு சங்கம் தொடங்கித் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘கினி பிக் கிளப்’. சோதனை எலி என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் சொல்வது கினிப்பன்றி. கால் வெந்தவரைப் பொருளாளர் ஆக்கினார்கள், பணத்தோடு ஓட முடியாது என்று. விரல் வெந்தவரைச் செயலாளர் ஆக்கினார்கள், கூட்டக் குறிப்பு நீளாது என்று.

அந்தப் பெயரை வேறு யாராவது அவர்களுக்குச் சூட்டியிருந்தால் நானும் உங்களைப் போலத்தான் கோபப்பட்டிருப்பேன்.