வெங்காயத் தோலில் உட்கரு தெரியவில்லை: பதில்

வணக்கம். 'வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் கருப்பு விளிம்புள்ள வட்டங்கள்தான் தெரிகின்றன, உட்கருவைக் காணோம், இதை வைத்து எட்டாம் வகுப்புக்குத் திசுவை எப்படிக் காட்டுவது' என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வட்டங்கள் காற்றுக் குமிழ்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைத் தட்டையாகப் போட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். ஒரு விளிம்பை நீரில் தொட வைத்து, 45 டிகிரி சாய்வில் ஊசியால் தாங்கி மெல்ல இறக்குங்கள்.

வெளியே உள்ள காய்ந்த சருகை எடுக்காதீர்கள். அது இறந்த செல். சதைப்பற்றுள்ள இதழை ஒடித்து, உட்குழிந்த பக்கத்தில் வரும் கண்ணாடி போன்ற சவ்வில் 5 மி.மீ. சதுரம் போதும். மடிந்தால் இரண்டடுக்காகத் தெரிந்து குழப்பும். டிங்சர் அயோடின் ஒரு பங்குக்கு நீர் நான்கு பங்கு கலந்து, ஒரு சொட்டு விட்டு 3 நிமிடம் காத்திருங்கள். 10x லென்ஸில் குவியப்படுத்திய பிறகே 40x. ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரத்தைப் பாதி மூடுங்கள். வெளிச்சம் கூடினால் உட்கரு கரைந்துபோனதுபோல் இருக்கும். அதை நடுவில் தேடாதீர்கள், செல்லுக்குள் சாறு நிறைந்த பையான பெரிய நுண்குமிழ் அதைச் சுவரோரம் தள்ளியிருக்கும்.

இடைவெளியின்றி அடுக்கிய இந்தச் செல்கள் சேர்ந்ததுதான் புறத்தோல் திசு. அந்த இதழ் ஓர் இலை, அதாவது உறுப்பு. அது தண்டுத் தொகுப்பின், அதாவது உறுப்பு மண்டலத்தின் பகுதி. செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் என நான்கு நிலைகளும் ஒரே வெங்காயத்தில்! கன்னச் செல்லையும் காட்டலாம், ஆனால் அவை சுரண்டும்போதே பிரிந்து சிதறுவதால் திசு என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் எங்கே என்று யாராவது கேட்பார்கள். மண்ணுக்குள், வெளிச்சம் படாத செல்களில் அது இருக்காது.