பேரிடர் நிவாரணத் தன்னார்வக் குழு: கொள்கையும் களப்பணியும் (கேள்வி பதில்)

கேள்வி: இருபது பேர் சேர்ந்து நிவாரணக் குழு தொடங்குகிறோம். நோக்க அறிக்கையில் 'பாதிக்கப்பட்ட மக்களுக்குச் சேவை செய்வது' என்று எழுதினால் போதாதா சார்?

பதில்: போதாது. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த வேலையையும் மறுக்க முடியாது, எதற்கும் முன்கூட்டித் தயாராகவும் முடியாது. எந்த எல்லைக்குள், எந்த வகைப் பேரிடரில், என்ன உதவி, எத்தனை நாள் வரை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கூடவே, எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதும். மாதிரிக்கு: "எங்கள் நான்கு வார்டுகளில் வெள்ளமோ புயலோ வந்தால், முதல் 14 நாட்களுக்குக் குடிநீர், சமைத்த உணவு, தார்ப்பாய், போர்வை வழங்குவோம். படகு மீட்பு, இடிபாடுகளில் தேடுதல், மருத்துவச் சிகிச்சை ஆகியவற்றில் இறங்க மாட்டோம். அவற்றுக்கு உரிய துறைக்குத் தகவல் தருவோம்." 'இறங்க மாட்டோம்' என்ற அந்த வாக்கியம்தான் உங்கள் ஆட்களின் உயிரைக் காக்கும். அது இல்லாத குழுவில், நள்ளிரவில் ஒரு போன் வந்ததும் பயிற்சி இல்லாத பையன்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கேள்வி: செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏழு கொள்கைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: 1965-இல் வியன்னா மாநாட்டில் அறிவிக்கப்பட்ட ஏழு இவை: மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலைமை, சுதந்திரம், தன்னார்வச் சேவை, ஒற்றுமை, உலகளாவிய தன்மை. கடைசி இரண்டும் அந்த இயக்கத்தின் அமைப்பைப் பற்றியவை, உங்களுக்குத் தேவைப்படாது. செஞ்சிலுவை இயக்கத்துக்கும் மற்ற தொண்டு அமைப்புகளுக்கும் பொதுவாக 1994-இல் பத்து அம்சங்கள் கொண்ட நடத்தை விதிகள் வெளிவந்தன, அதையும் படியுங்கள்.

சிறிய குழு முதலில் உயிராகப் பிடிக்க வேண்டியது பாரபட்சமின்மை. எல்லோருக்கும் ஒரே பை கொடுப்பதைப் பலர் பாரபட்சமின்மை என்று நினைக்கிறார்கள். வாசலில் தண்ணீர் நின்று வடிந்த மாடி வீட்டுக்கும் கூரையே போன வீட்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால், கூரை போனவருக்குச் சேர வேண்டியதை நாம் வேறிடத்தில் கொடுத்துவிட்டோம் என்றுதான் கணக்கு. யாருக்கு முதலில், யாருக்கு அதிகம் என்பதைத் தேவை மட்டுமே தீர்மானிக்க வேண்டும். நடுநிலைமை வேறு: ஊரில் இருக்கும் கட்சி, சாதி, மதத் தகராறுகளில் பக்கம் சேராமல் இருப்பது. களத்தில் கட்சித் துண்டு, சின்னம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

கேள்வி: பெரிய தொகை தருபவர், "எங்கள் ஆட்கள் இருக்கும் தெருவுக்கு மட்டும் கொடுங்கள், என் படம் போட்ட பேனர் வையுங்கள்" என்கிறார். என்ன செய்வது அண்ணா?

பதில்: இரண்டையும் மறுத்துவிடுங்கள். ஆனால் அந்த நேரத்தில் வாயால் மறுப்பது கடினம், அதனால் பேரிடர் வருவதற்கு முன்பே ஒரு பக்க நன்கொடை விதியை அச்சிட்டு வைத்திருங்கள். "இன்ன பொருளுக்கு" என்று சொல்லித் தரலாம், "இன்ன மக்களுக்கு" என்று சொல்லித் தர முடியாது, இதுதான் கோடு. அவர் கேட்ட தெரு உண்மையிலேயே மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தால் உங்கள் பட்டியலிலேயே மேலே வந்துவிடும். பை வாங்குபவரின் முகம் தெரியும் படமும் வேண்டாம். கை நீட்டி நிற்கும்போது கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. பொருள் அடுக்கியிருப்பதையும் தன்னார்வலர்கள் வேலை செய்வதையும் படம் எடுத்து அனுப்பினால் நன்கொடையாளருக்குப் போதும்.

கேள்வி: பட்டியல் எடுத்து டோக்கன் கொடுத்தும் விநியோகத்தில் தள்ளுமுள்ளு வருகிறது. எங்கே தவறுகிறது?

பதில்: பெரும்பாலும் பட்டியலிலேயே தவறியிருக்கும். ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதிய பட்டியலில் அவருக்குத் தெரிந்தவர்கள்தான் இருப்பார்கள். விடுபடுபவர்கள் எப்போதும் ஒரே வகையினர்: வாடகைக்கு இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தனியாக வாழும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், ஒரே கதவெண்ணில் வசிக்கும் இரண்டாவது குடும்பம். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இருவராக வீடு வீடாகப் போங்கள். குடும்பத் தலைவர் பெயர், ஆட்கள் எண்ணிக்கை, ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை, கர்ப்பிணி அல்லது பாலூட்டும் தாய் உண்டா, மாற்றுத்திறனாளி உண்டா, வீட்டின் சேதம், அடுப்பும் பாத்திரமும் மிஞ்சியதா என்று குறித்தால் போதும். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

டோக்கனை முந்தைய நாள் மாலை வீட்டிலேயே கொடுங்கள். அதில் எண், நேரம், பையில் என்னென்ன இருக்கும் என்பது மூன்றும் இருக்கட்டும். 200 குடும்பம் என்றால் அரை மணிக்கு 40 டோக்கன் என ஐந்து வேளையாகப் பிரியுங்கள். லாரியின் மேலிருந்து ஒருபோதும் கொடுக்காதீர்கள். சரக்கு எல்லோர் கண்ணிலும் பட்டு, அது குறைந்துகொண்டே வருவதும் தெரிந்தால், பின்னால் நிற்பவர்கள் முன்னே பாய்வது இயல்பு. சரக்கைச் சுவருக்குப் பின்னால் இறக்கி, ஒரு வாசல் வழியே உள்ளே, மறு வாசல் வழியே வெளியே என்று ஆட்களை அனுப்புங்கள். முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் நிழலில் நாற்காலி போட்டுத் தனி வரிசை வேண்டும். வெளியே, வரிசையிலிருந்து தள்ளி, ஒரு புகார் மேசை: பெயர் விடுபட்டவர்கள் அங்கே பதிவு செய்வார்கள், மாலைக்குள் ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். சரக்கு பற்றாது என்று தெரிந்தால் முதல் டோக்கனுக்கு முன்பே அறிவியுங்கள். பாதியில் தெரிய வந்தால்தான் கலவரம்.

கேள்வி: முகாமுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை கழிப்பறை?

பதில்: உலகளவில் பின்பற்றப்படும் ஸ்ஃபியர் (தொண்டு அமைப்புகளின் நிவாரணக் கையேடு) குறைந்தபட்ச அளவுகளை வைத்து 1,000 பேருக்குக் கணக்கிடலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், ஆக 15,000 லிட்டர். 250 பேருக்கு ஒரு குழாய், ஆக நான்கு. கழிப்பறை முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, ஆக 20. கூடிய சீக்கிரம் 20 பேருக்கு ஒன்று என்ற நிலைக்கு வர வேண்டும். பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று, அதாவது 20-இல் 15 பெண்களுக்கு. உள்தாழ்ப்பாளும் விளக்கும் இல்லாத கழிப்பறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இருட்டிய பின் பெண்கள் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். தங்கும் இடம் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர், அதனால் 140 சதுர மீட்டர் கூடத்தில் 40 பேர்தான். பலரும் மறப்பது பாத்திரம்: லாரியில் தண்ணீர் வந்தும் பிடிக்கக் குடம் இருக்காது. குடும்பத்துக்கு 10 முதல் 20 லிட்டர் கொள்ளும் மூடியுள்ள பாத்திரம் இரண்டு கொடுங்கள். ஒன்று பிடித்து வர, ஒன்று சேமிக்க.

கேள்வி: தொட்டியில் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?

பதில்: தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு, 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 8 கிராம்; லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று வரும். நேரடியாகக் கொட்டாமல் வாளியில் கரைத்து, படிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குழாயில் சோதித்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவில்லை என்றால் தண்ணீர் கலங்கியிருக்கிறது, அல்லது ஈரத்திலும் வெயிலிலும் கிடந்து பவுடர் வீரியம் இழந்திருக்கிறது. கலங்கிய தண்ணீரை முதலில் தெளிய வைக்காமல் பவுடரை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

கேள்வி: பழைய துணி, பால் பவுடர் வந்து குவிகிறதே?

பதில்: துணியை வாங்காதீர்கள். பிரிக்க ஆட்கள் போவார்கள், நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், கடைசியில் குப்பையாகும். புதிய உள்ளாடை, போர்வை, சானிட்டரி நாப்கின் கேளுங்கள். குழந்தைகளுக்கான பால் பவுடர், பால்புட்டி பொது விநியோகத்தில் கூடவே கூடாது. அசுத்தத் தண்ணீரில் கலக்கிய பாலும் கழுவாத புட்டியும் வயிற்றுப்போக்கைத் தரும். தாய்ப்பால் கொடுப்பவர்களும் நிறுத்திவிடுவார்கள். தாய் இல்லாத குழந்தை இருந்தால் சுகாதாரப் பணியாளரிடம் சேருங்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. நீச்சல் தெரியும். வெள்ளத்தில் இறங்கி உதவலாமா ஐயா?

பதில்: வேண்டாம், தம்பி. அரை அடி ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீரே பெரியவரின் காலை வாரிவிடும். ஒரு அடியில் பெரும்பாலான கார்கள் அடித்துச் செல்லப்படும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடை மூடியும் அறுந்த மின்கம்பியும் தெரியாது. அங்கே நீச்சல் உதவாது. 18 நிறையாதவர்களுக்குக் கிடங்கு, பொட்டலம் கட்டுதல், தொலைபேசிப் பதிவு ஆகியவற்றில் வேலை இருக்கிறது. எண்ணிக்கை தப்பாமல் இருப்புப் பதிவேடு எழுதும் ஒருவர் குழுவுக்குக் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: கணக்கு?

பதில்: குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு வரவுக்கும் ரசீது, ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர். தனிநபர் எண்ணுக்குப் பணம் வாங்கவே கூடாது. கடையில் பொருள் வாங்குபவரும் கிடங்குப் பொறுப்பாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை வரவு, செலவு, இருப்பு மூன்றையும் விநியோக இடத்திலேயே ஒட்டுங்கள். உதவி பெற்றவர்களுக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு.

கேள்வி: எப்போது நிறுத்துவது?

பதில்: கடைகள் திறந்து, குழாயில் தண்ணீர் வந்து, மக்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் பொது உணவு விநியோகத்தைக் குறையுங்கள், ஒரு வாரம் முன்னதாகவே தேதியைச் சொல்லிவிடுங்கள். தொடர்ந்து உதவி வேண்டிய வீடுகள் சில இருக்கும். அவர்களின் சம்மதத்துடன் விவரங்களை உரிய அரசு அலுவலகத்துக்கோ வேறு தொண்டு அமைப்புக்கோ எழுத்தில் ஒப்படைத்து, ஏற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பிறகு வீட்டுப் பட்டியலின் எல்லாப் பிரதிகளையும், தன்னார்வலர்களின் செல்போனில் இருக்கும் படங்களையும் சேர்த்து, அழித்துவிடுங்கள். தணிக்கைக்கான ரசீதும் வவுச்சரும் விநியோகக் கையொப்பத் தாள்களும் மட்டும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.