4கே மானிட்டரில் தயங்கித் தயங்கி நகரும் மவுஸ்: பிழை மடிக்கணினியில் இல்லை

வணக்கம். புதிய மடிக்கணினியை யூஎஸ்பி-சி ஹப் (ஒரே துளையிலிருந்து பல இணைப்புகளைத் தரும் சிறு கருவி) வழியாக 4கே மானிட்டரில் இணைத்தபின் மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்வதாகவும், கணினியையே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம், குறை பெரும்பாலும் ஹப்பில்தான் இருக்கும்.

விண்டோஸ் 11 என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று சென்று, அந்த மானிட்டருக்கு 30 ஹெர்ட்ஸ் (அதாவது, படம் நொடிக்கு 30 முறை புதுப்பிக்கப்படும் வேகம்) என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் எச்டிஎம்ஐ இணைப்பின் பழைய 1.4 தரத்தில் அமைந்த ஹப், 4கே படத்தை நொடிக்கு 30 முறை அளவில்தான் புதுப்பிக்கும்; 60 வேண்டுமானால் ஹப், கேபிள், மானிட்டரின் துளை ஆகிய மூன்றுமே எச்டிஎம்ஐ 2.0 தரத்தையாவது எட்டியிருக்க வேண்டும். பெட்டியின் முகப்பில் “4கே” என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, “30 ஹெர்ட்ஸ்” என்பதைப் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிடும் ஹப்கள் ஏராளம்.

உறுதிசெய்ய, தெளிவுத்திறனைத் தற்காலிகமாக 1920 x 1080 ஆகக் குறைத்து 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடினால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஹப்பைத்தான்; கேபிளும் மானிட்டரின் துளையும் எச்டிஎம்ஐ 2.0 தரத்தில் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு வகைப் பட இணைப்புத் துளை) இருந்தால், ஹப்பைத் தவிர்த்து, யூஎஸ்பி-சியிலிருந்து நேரே டிஸ்ப்ளேபோர்ட்டுக்குச் செல்லும் கேபிளை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.