பென்சில் நுழையும் இடத்தில் பாம்பும் நுழையும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லண்டனில் இருக்கும் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போகிறேன். பேரன் கோர்ன் ஸ்னேக் என்று ஒரு பாம்பு வளர்க்கிறான். ஒரு வயது, ஒன்றரை முழம் இருக்குமாம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டியில் இருக்கிறது. இதுவரை இரண்டு தரம் வெளியே வந்துவிட்டது. ஒரு தரம் நான்கு நாள் கழித்துத்தான் பிறிட்ஜுக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பெட்டியை எப்படிப் பத்திரப்படுத்துவது? மகனுக்கு அனுப்பக்கூடிய மாதிரி விபரமாகச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, கல்லடி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. கோர்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. விஷம் இல்லை. நன்றாக வளர்ந்தால் நான்கு, ஐந்து அடி வரும். பிரித்தானியாவில் ஆபத்தான விஷப்பாம்புகளை வீட்டில் வைத்திருக்க 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். கோர்ன் ஸ்னேக்குக்கு அது தேவையில்லை. ஆகவே உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து குறைவு. வெளியே போன பாம்புக்குத்தான் ஆபத்து அதிகம்: குளிரில் விறைக்கும், கதவிடுக்கில் நசியும், சோபாவின் அடியில் அகப்படும்.

இரண்டு தரம் வெளியே வந்ததென்றால், வழி தெரிந்துதான் வந்திருக்கிறது. தலை போகிற இடத்தில் உடம்பும் போகும். பாம்பு மூக்கால் ஓரங்களைத் தடவித் தடவி, இளகின இடத்தைக் கண்டால் அதையே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் முதல் வேலை அந்த வழியைக் கண்டுபிடிப்பது. பாம்பை மூடி பூட்டிய ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்கு மாற்றுங்கள். காற்றுக்குச் சிறு துளைகள் இருக்கட்டும். இரவில் அறை விளக்கை அணைத்து, மரப்பெட்டிக்குள் ஒரு ரோர்ச் லைட்டை எரியவிட்டுக் கதவை மூடுங்கள். வெளியே எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் அடையாளம் போடுங்கள். அந்தப் பென்சிலே நுழைகிற இடம் எதுவானாலும் உடனே அடைக்க வேண்டியதுதான். இந்த வயதுப் பாம்புக்கு 5 மில்லிமீற்றர் இடைவெளியையும் நம்பக்கூடாது.

இந்த மாதிரிப் பெட்டிகளில் வழக்கமாகப் பிழை வருகிற இடம், பக்கவாட்டில் நகரும் இரண்டு கண்ணாடிக் கதவும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வருகிற பகுதி. அங்கே மேலிருந்து கீழ்வரை ஒரு நீண்ட இடுக்கு இருக்கும். வளர்ந்த பாம்புக்கு அது போதாது, இளம் பாம்புக்குப் போதும். அந்த இடுக்கின் உயரத்துக்கே, உள்ளே இருக்கும் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய தூரிகைப் பட்டியையோ ஒளிபுகும் பிளாஸ்ரிக் பட்டியையோ ஒட்ட வேண்டும். பட்டியின் ஒட்டுகிற பக்கம் துளியும் வெளியே தெரியக்கூடாது. பெட்டிக்குள் ரேப் ஒட்டவே வேண்டாம். செதிலில் ஒட்டினால் இழுக்கும்போது தோல் கிழியும். பாம்பு வளர்ப்பவர்கள் அவசரத்தில் செய்கிற மிகக் கொடுமையான பிழை அதுதான்.

அடுத்தது பூட்டு. கண்ணாடியின் ஓரத்தில் உடம்பை அழுத்திப் பாம்பு அதை நகர்த்திவிடும். நகைக்கடைக் கண்ணாடி அலுமாரிகளில் போடுகிற பல்லுப் பூட்டு இதற்குச் சரியாகப் பொருந்தும். போட்ட பிறகு இரண்டு கண்ணாடியையும் கையால் இழுத்துப் பாருங்கள், அசையக்கூடாது. கீழ்த் தவாளிப்பில் மரத்தூள் நிரம்பினால் கண்ணாடி சரியாக உட்காராது, பூட்டியும் பயனில்லை. ஒவ்வொரு முறை கதவைத் திறந்த பிறகும் பழைய பல் தூரிகையால் அதைத் துடைக்க வேண்டும். சாவி ஒரே ஆளிடம் இருப்பது நல்லது. வெளியேறிய பாம்புகளில் பல, துளை வழியாகப் போனவை அல்ல. சாப்பாடு கொடுத்தவர் பூட்ட மறந்த கதவால் போனவை.

பின்பக்கத்தில் காற்றுக்காகச் செருகியிருக்கும் பிளாஸ்ரிக் வட்டங்கள் தள்ளினால் கழன்றுவிடும். உள்பக்கமாக நுணுக்கமான உலோக வலையை வைத்து நான்கு மூலையிலும் இஸ்க்குரூ ஆணி அடியுங்கள். வலையின் வெட்டு முனைகள் மடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாம்பின் மூக்குப் புண்ணாகும். சூடாக்கும் விரிப்பின் வயரைக் கதவிடுக்கால் எடுக்காமல், தனித்துளை போட்டு றப்பர் வளையம் மாட்டி எடுக்க வேண்டும். மூலை மூட்டுகளுக்கு மீன்தொட்டிக்குப் பாவிக்கும் சிலிக்கன் பூசலாம். அது காய்ந்து புளிவாடை முற்றாகப் போகும்வரை, குறைந்தது இரண்டு நாள், பாம்பைத் திரும்ப விடக்கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒவ்வொரு இரவும் அது கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டிருந்தால், உள்ளே ஏதோ குறை இருக்கிறது. சூடான பக்கம் 28 முதல் 32 பாகை செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 பாகை இருக்க வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாற் கட்டாயம். இரண்டு பக்கமும் உடம்பு முட்டுகிற அளவுக்கு இறுக்கமான ஒளிவிடம் ஒவ்வொன்று வேண்டும். பெரிய வெறும் பெட்டி இளம் பாம்புக்கு நிம்மதி தராது. பசி, தோல் உரிக்கும் காலம், ஆண் பாம்பென்றால் இணைதேடும் பருவம் இவையும் அலைய வைக்கும்.

நீங்கள் இருக்கும்போது திரும்பவும் காணாமற்போனால் பதற வேண்டாம். அறைக் கதவை மூடி, கதவடியில் துவாயைச் செருகுங்கள். முதலில் பெட்டியையே தேடுங்கள். மரத்தூளுக்கடியிலும் தண்ணீர்க் கிண்ணத்தின் கீழும் அது கிடப்பது சாதாரணம். பிறகு சூடு இருக்கிற இடங்கள்: பிறிட்ஜின் பின்பக்கம், சுடுதண்ணீர்த் தாங்கி, உடுப்பு அலுமாரி. சோபாவில் இருக்க முன்னரும் அதை நகர்த்த முன்னரும் அடியைப் பாருங்கள். கண்ணுக்குப் படாவிட்டால் அறை வாசல்களில் கோதுமை மாவை ஒரு விரல் அகலத்துக்குத் தூவிவிட்டுப் படுங்கள். காலையில் எந்தக் கோடு கலைந்திருக்கிறதோ அந்த அறைதான். பாம்பு வாரக்கணக்கில் பட்டினி தாங்கும், அதனால் ஒரு கிழமை தேடிவிட்டுக் கைவிடக்கூடாது.

ஒரு விடயம் உங்கள் கையில் இருக்கிறது. பாம்பின் கிண்ணத்தைக் குசினித் தொட்டியில் கழுவ விடாதீர்கள். பேரன் பாம்பைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். ஊர்வனவற்றில் சல்மொனெல்லா கிருமி இருக்கும்.

கேள்வி: எங்கள் கோழிக்கூட்டுக்குள் பாம்பு போய்க் குஞ்சுகளையும் முட்டைகளையும் தின்கிறது. பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டினோம், அதில் ஒரு நாகபாம்பு சிக்கிச் செத்தது. வேறு வழி உண்டா?
— கொக்கட்டிச்சோலை வாசகர்

பதில்: மீன்வலையை இன்றே அவிழ்த்துவிடுங்கள். நைலோன் கண்ணியில் தலை போன பாம்பு செதில் தடுத்துப் பின்வாங்க முடியாமல் சிக்கும். உயிரோடு சிக்கிய நாகத்தை எடுக்கப் போகிறவர் கடி வாங்குவார். எலி பிடிக்கும் பாம்பைக் கொன்றால் வயல் வட்டையில் எலிதான் பெருகும்.

மேலே லண்டன் பெட்டிக்குச் சொன்னதுதான் இங்கும், திசை மட்டும் மாறுகிறது. கடைகளில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண்ணி வலை பாம்பைத் தடுக்காது. மெலிந்த பாம்பு உள்ளே போய்க் குஞ்சை விழுங்கும், வயிறு புடைத்து வெளியே வர முடியாமல் காலையில் கூட்டுக்குள்ளேயே கிடக்கும். கால் அங்குலக் கண்ணியுள்ள, வெல்டிங் செய்த இரும்புவலை வாங்குங்கள். சாரை நன்றாக ஏறும். ஆகவே வலையைக் கீழ் மூன்றடிக்கு மட்டும் அடித்துவிட்டு இருக்க முடியாது. கூரைத் தகரம் சேரும் இடம்வரை போக வேண்டும். தகரத்தின் அலைமடிப்புக்கும் பலகைக்கும் இடையில் வருகிற பொந்துகளைச் சீமெந்தால் அல்லது வலைத்துண்டால் அடையுங்கள். வலை மண்ணைத் தொடும் இடத்தில் ஓரடி ஆழத்துக்குப் புதைத்து, வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் எலி தோண்டாது. எலி தோண்டிய பொந்தால்தான் நாகம் வரும். கதவின் கீழ் றப்பர்ப் பட்டி, மேலும் கீழும் ஒவ்வொரு கொண்டி.

முட்டையைப் பின்னேரமே எடுத்துவிடுங்கள். சிந்திய தவிட்டைக் கூட்டுங்கள். விறகு, ஓடு, தேங்காய்மட்டைக் குவியல் கூட்டிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளியிருக்க வேண்டும். உள்ளிப்பூண்டு, கந்தகம், பூச்சிமருந்துருண்டை இவற்றை நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள், அவற்றின் மேலாலேயே பாம்பு போகும். வேலையை ஒக்டோபருக்கு முன் முடியுங்கள். மாரி வெள்ளம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஏறினால் பாம்பு மேட்டு நிலம் தேடி வளவுக்குத்தான் வரும். அந்த நாட்களில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்கள் நுளம்பு வலையைப் பாயின் அடியில் செருகிவிட்டுப் படுக்க வேண்டும். கட்டுவிரியன் பெரும்பாலும் நித்திரையில் இருப்பவரைத்தான் கடிக்கும், கடித்த இடம் பெரிதாக நோவதும் இல்லை. கடித்தால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கையைக் காலை அசைக்காமல் வைத்து, 1990 இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: வயல் வரம்பில் வெங்கணாந்திக் குட்டி ஒன்று பிடித்தோம். தம்பி மீன்தொட்டியில் வைத்திருக்கிறான். எப்படி மூடி போடுவது?
— திருக்கோவில் வாசகர்

பதில்: வளர்ப்பதற்கு மூடி வேண்டாம். வெங்கணாந்தி, அதாவது மலைப்பாம்பு, நமது இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பிடித்து வைத்திருப்பது குற்றம். அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. அது வெங்கணாந்திதான் என்று யார் பார்த்துச் சொன்னது? கண்ணாடிப் புடையனுக்கும் உடம்பில் வரிசையாகக் கபில நிறத் திட்டுகள் உண்டு. புடையன் குட்டியை வெங்கணாந்தி என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடி வாங்குவது வயற்பகுதிகளில் நடக்கிறது. பிறந்த குட்டிக்கும் விஷம் உண்டு.

தம்பியை இனித் தொட்டிக்குள் கை வைக்க விடாதீர்கள். தொட்டிக்குள் தண்ணீர் வார்க்கவும் வேண்டாம். தொட்டியின் வாயைவிடப் பெரிய பலகையை நீண்ட தடியால் தள்ளி மூடி, மேலே இரண்டு செங்கல் வையுங்கள். காற்றுக்குத் தனியாக இடைவெளி விட வேண்டாம், சில மணித்தியாலத்துக்குத் தொட்டியில் உள்ள காற்றே போதும். வெயில் படாத அறையில் வைத்து, கதவைப் பூட்டி, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். எந்த வரம்பில் பிடித்தது என்பதையும் சொல்லுங்கள், திரும்ப விடுவதற்கு அது அவர்களுக்குத் தேவைப்படும்.