நாம் நடத்துகிறோம், அவர்கள் ஓட்டுகிறார்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஒரு தையல் கடை நடத்துகிறேன். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் வந்த ‘ரன்’ என்ற சொல்லுக்கு ‘ஓடு’ என்ற பொருள் பொருந்தவில்லை என்று அகராதியைப் புரட்டினாள். இரண்டு பக்கத்துக்கு அர்த்தம் இருந்தது. “இதையெல்லாம் மனப்பாடம் பண்ணணுமாம்மா?” என்று மூடி வைத்துவிட்டாள். அவளுக்கு என்ன சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் மலைத்துப்போனதில் தப்பே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் வருடப் பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்குத்தான் இருப்பதிலேயே நீளமான விளக்கம்: 430க்கு மேல் பொருள்கள், சுமார் 60,000 வார்த்தைகள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதியபோது ‘மேக்’ அதை முந்தியது, அப்புறம் ‘புட்’, 2011இல் ‘ரன்’. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லை எழுதி முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

இவ்வளவையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது. இதற்கெல்லாம் ஆங்கிலத்திலும் ‘ரன்’தான். தமிழில் இதை யாரும் உங்கள் மகளுக்கு உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. ஓடுவது எது என்று தெரிந்ததும் பொருள் தானாக வந்துவிடுகிறது.

இரண்டு மொழியும் பிரிகிற இடத்தில்தான் நிதானிக்க வேண்டும். உங்கள் கடிதத்திலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது. “தையல் கடை நடத்துகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஆங்கிலத்தில் சொன்னால் ‘ரன்’ வரும். நாம் கடையை, பள்ளிக்கூடத்தை, ஆட்சியை நடத்துகிறோம், அவர்கள் ஓட்டுகிறார்கள். தமிழில் “கடையை ஓட்டிக்கிட்டிருக்கேன்” என்றும் சொல்லலாம்தான். ஆனால் கேட்பவர் உடனே “ஏன், வியாபாரம் டல்லா?” என்பார். ‘காலத்தை ஓட்டுவது’ போல, எப்படியோ சமாளிக்கிறோம் என்ற தொனி அதற்கு வந்துவிடுகிறது. நீங்கள் ‘நடத்துகிறேன்’ என்று எழுதியதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. ஆங்கில ‘ரன்’னில் அந்தச் சிரமமும் இல்லை, இந்த நிமிர்வும் இல்லை. இந்த வித்தியாசத்தை மகளிடம் சொல்லிப் பாருங்கள், பிடித்துக்கொள்வாள்.

தேர்தலும் அப்படித்தான். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ஓடுகிறார்’. பிரிட்டனில் நம்மைப் போலவே ‘நிற்கிறார்’.

இன்னொன்றை உங்கள் கடையிலேயே காட்டலாம். சாயம் போகிற சிவப்புத் துணியில் ஒரு வெட்டுத் துண்டை எடுங்கள். அதை ஈர வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டிக் கொஞ்ச நேரம் வையுங்கள். நாம் அதை ‘சாயம் இறங்கிவிட்டது’ என்போம். ஆங்கிலத்தில் நிறம் ‘ரன்’ ஆகிறது. பிரித்துப் பார்க்கும்போது சிவப்பு வெள்ளைக்குள் எதுவரை போயிருக்கிறது என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

பாடத்தில் வந்த அந்த வாக்கியத்தை நீங்கள் எழுதவில்லையே. அவளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அதில் எது ஓடுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.