மதுரையில் ஓய்வுக்கால வீடு: சாய்தளம் 8 அடி போதுமா?

வணக்கம் ஐயா. தரைமட்டத்திலிருந்து 2 அடி உயரும் வீட்டுக்கு 8 அடி சாய்தளம் போதும் என்று மேஸ்திரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போதவே போதாது. ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். உங்களுக்கு 24 அடி. இடமில்லையென்றால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். 8 அடியில் போட்டால் அம்மாவின் சக்கர நாற்காலி இறங்கும்போது பிடித்து நிறுத்த முடியாது.

குளியலறைக் கதவு 3 அடி அகலத்தில் வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவோரம் கிடந்தால் உள்ளே தள்ளித் திறக்கவே வழியிருக்காது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் கரண்ட் பில். கன்னிமூலையில்தான், அதாவது தென்மேற்கு மூலையில்தான் படுக்கையறை என்றால், சரி, மேற்குச் சுவர் சாயங்கால வெயிலில் கொதிக்கும். அந்தப் பக்கம் அகலமான சன்ஷேடு, மொட்டைமாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ். மின்விசிறி பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார் கொண்டது) வாங்குங்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடும்.