வீடியோ கேம்களில் மதம் என்றாலே ஒன்று கெட்ட சபை, இல்லாவிட்டால் மந்திர சக்தி. இதைத் தாண்டி யாருமே காட்டுவதில்லையா?

கேள்வியில் பாதி சரி. கெட்ட சபை என்பது தேய்ந்துபோன வழக்கம்தான், அதுவும் ஜப்பானிய ஆர்பிஜிக்களில் (ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் போகும் கேம்கள்) கேட்கவே வேண்டாம். 2001-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 10-ஐப் பாருங்கள், யெவோன் என்ற மதம் ஊருக்கெல்லாம் இயந்திரம் பாவம் என்று சொல்லிவிட்டு, தன் தலைமைக் கோயிலில் அதே இயந்திரங்களை வைத்துக்கொண்டு சொகுசாக இருக்கும். இப்படிக் கற்பனை மதமாகவே வருவதற்கு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு. 80, 90-களில் நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை மதச் சின்னம் எதையும் உள்ளே விடாது, சிலுவையை அழித்துவிடும், ஃபைனல் ஃபேன்டஸி 6-ல் 'ஹோலி' என்று இருந்த மந்திரம் அமெரிக்காவில் 'பேர்ல்' என்று, அதாவது முத்து என்று, போய் இறங்கியது. கற்பனை மதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அதை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விடுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது இன்னொரு பாதியைப் பற்றி. அதை மந்திர சக்தி என்கிறீர்கள், எனக்கு அது கணக்குவழக்காகத்தான் தெரிகிறது.

நான் கேமில் முதலில் பார்த்த சாமியார், படை திரட்டிச் சண்டை போடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கேமின் இரண்டாம் பாகத்துத் துறவி. எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் நான்கு கம்ப்யூட்டரை லேனில் இணைத்து விளையாடுவோம், எங்கள் செட்டில் ஒருவன் பாஸ்டர் மகன். எல்லாரும் குதிரைப்படை சேர்த்துக்கொண்டிருக்கும்போது அவன் மட்டும் மடத்துக்கு மேல் மடமாகக் கட்டுவான். ஒரு துறவிக்கு 100 பொன். அந்தத் துறவி தூரத்தில் நின்று கையை நீட்டி முணுமுணுப்பார், நான் அரைமணி நேரம் சேர்த்து உருவாக்கிய பாரசீகப் போர் யானை சட்டென்று அவன் நிறத்துக்கு மாறித் திரும்பி என்னையே மிதிக்கும். முதல் பாகத்துப் பூசாரி மதம் மாற்றும்போது போடும் 'வொலோலோ' சத்தத்தை வேறு வாயாலேயே போடுவான்.

அந்த மடத்துக்குள் ஆராய்ச்சிகள் உண்டு. ரிடெம்ப்ஷன் வாங்கினால் எதிரியின் கட்டடங்களையும் கவண் வண்டிகளையும்கூட மதம் மாற்றலாம். அட்டோன்மென்ட் வாங்கினால் எதிரியின் துறவியையே மாற்றலாம். ஹெரசி இருந்தால், மாற்றப்பட்ட நம் ஆள் எதிரிப் பக்கம் போகாமல் அங்கேயே செத்து விழுவான் (யோசித்துப் பார்த்தால் இதுதான் மூன்றிலும் பயங்கரம், ஆனால் அந்த வயதில் யார் யோசித்தது). ரிடெம்ப்ஷன் விலை 475 பொன். அது என்ன வார்த்தை என்று ஒருநாள் கேட்டபோது பாஸ்டர் மகன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "இரட்சிப்புடா. எங்கப்பா ஞாயித்துக்கிழமை அதை இலவசம்னு சொல்றாரு, இங்க 475."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதைவிடச் சரியாக இந்த விஷயத்தை வேறு யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்கு எண் மட்டும்தான் தெரியும், அதனால் நம்பிக்கையை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலையோ, தூரமோ, நிரம்பிக் குறையும் ஒரு பட்டையோ தேவைப்படுகிறது. புனிதர் எலும்பு மாதிரியான திருச்சின்னங்கள் அதே கேமில் மடத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 30 பொன் தரும். இதைக் கிண்டல் என்று மட்டும் தள்ளிவிட முடியாது, இடைக்கால ஐரோப்பாவில் திருச்சின்னம் வைத்திருந்த கோயிலுக்கு யாத்திரிகர் கூட்டமும் காணிக்கையும் நிஜமாகவே வந்தன. வரவு செலவைப் பிடித்துவிட்டார்கள், அந்த எலும்பின் முன்னால் மண்டியிட்டவன் மனசுதான் கேமில் எங்குமே இல்லை.

2005-ல் வந்த சிவிலைசேஷன் 4, ஒரு நாட்டையே வளர்த்து ஆளும் கேம், இன்னும் ஒரு படி மேலே போனது. பௌத்தம், இந்து மதம், யூதம், கன்ஃபூசியம், தாவோயிசம், கிறித்துவம், இஸ்லாம் என ஏழு நிஜ மதங்களையும் பெயரோடு வைத்தார்கள், வம்பு வேண்டாம் என்று ஏழுக்கும் ஒரே பலனையும் கொடுத்தார்கள். தியானம் என்ற தொழில்நுட்பத்தை யார் முதலில் கண்டுபிடிக்கிறாரோ அவர் நாட்டில் பௌத்தம் பிறக்கும், பலதெய்வ வழிபாட்டை முதலில் பிடித்தவருக்கு இந்து மதம். ஆக ஆஸ்டெக் மன்னர் பௌத்தத்தின் தலைமகனாகவும், நம் காந்தி இஸ்லாத்தைத் தொடங்கி வைத்தவராகவும் வரலாம், என் ஆட்டங்களில் வந்தும் இருக்கிறார்கள். மதங்களுக்குள் வித்தியாசமே இல்லாத இந்த ஏற்பாடு முதலில் எனக்குக் கோழைத்தனமாகப் பட்டது. அப்புறம்தான் கவனித்தேன், வித்தியாசம் இல்லாதபோதும் சண்டை மட்டும் அச்சு அசலாக நடக்கிறது. பக்கத்து நாடு வேறு மதம் என்றால் உறவு கெடும், ஒரே மதம் என்றால் கூட்டணி அமையும், புனித நகரத்தில் கோயில் எழுப்பினால் அந்த மதம் பரவிய ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பொன் வரும். மதத்தின் அரசியலை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய கேம் குறைவு. நெறி என்ன, கடவுள் யார் என்பதெல்லாம் வெறும் சின்னப் படமாக மூலையில் நிற்கும்.

நம் சாமிகள் வரும் கேம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு எரிச்சலூட்டும் இடம். ஸ்மைட் என்று ஒன்று, ஜீயஸ், தோர், ரா எல்லாரும் அரங்கில் இறங்கி அடித்துக்கொள்வார்கள், அந்த வரிசையில் காளியும் வாமனனும் அக்னியும் நிற்பார்கள். 2012-ல் காளியை அரைகுறை உடையில் வரைந்ததற்காக அமெரிக்காவில் இந்து அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தது. எல்லாரும் உடையைப் பற்றியே பேசினார்கள், எனக்கு உறுத்தியது வரிசைதான். ஜீயஸுக்கு இன்று விளக்கேற்றுபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், காளிக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறோம். அதே வரிசையில் இயேசுவை நிறுத்தத் துணியாதவர்களுக்கு, காளியை நிறுத்த 'புராணம்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. தடை, புறக்கணிப்பு எல்லாம் எனக்குப் பிடிக்காது, அந்த கேமை நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் 2020-ல் புனேக்காரர்கள் செய்த 'ராஜி' என்ற கேமில் துர்க்கையும் விஷ்ணுவும் கீழே ஒரு பெண் தம்பியைத் தேடிப் போவதைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டு வருவார்களே, அதைக் கேட்டபோது வித்தியாசம் தெரிந்தது. சண்டை சுமார்தான். சாமியை வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள் எழுதியது என்பது மட்டும் நிச்சயம்.

சரி, தாண்டிப் போனவர்கள் யார்?

எனக்குத் தெரிந்து முதல் ஆள் ரிச்சர்ட் கேரியட் என்ற கேம் வடிவமைப்பாளர், 1985-ல், அல்டிமா 4 என்ற கேமில். அதில் கடைசியில் கொல்ல வேண்டிய வில்லன் என்று யாருமே இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு குணங்களிலும் தேறி 'அவதார்' ஆக வேண்டும், அவ்வளவுதான் கதை. நமக்கு அவதாரம் என்றால் மேலிருந்து கடவுள் இறங்கி வருவது, அங்கே கீழிருந்து மனிதன் ஏறிப் போவது. கோயில் கோயிலாகப் போய் அந்தந்த மந்திரத்தைக் கீபோர்டில் அடித்துத் தியானம் செய்ய வேண்டும், ஆன்மிகக் கோயிலின் மந்திரம் 'ஓம்' என்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

ஆனால் விஷயம் மூலிகைக் கடையில் இருக்கிறது. கடைக்காரிக்குக் கண் தெரியாது. விலையை அவள் சொல்வாள், எவ்வளவு தருகிறோம் என்பதை நாம் டைப் செய்ய வேண்டும். ஒரே ஒரு பொன் கொடுத்தாலும் சரக்கு வந்துவிடும், அவள் எதுவும் சொல்ல மாட்டாள், திரையில் எந்தப் பட்டையும் குறையாது. பல மணி நேரம் கழித்துக் கோயிலில் தியானம் பலிக்காமல் போகும்போதுதான் எங்கோ யாரோ பார்த்துக்கொண்டிருந்தது தெரியும். இங்கேயும் உள்ளே ஓடுவது எண்தான், ஆனால் நம் கண்ணுக்கு மறைத்து வைத்திருக்கிறார்கள். 475 பொன்னுக்கு இரட்சிப்பு வாங்கிப் பழகிய எனக்கு அது கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. (கேம் விற்கும் காக் (GOG) தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, கிராஃபிக்ஸைப் பார்த்து ஓடிவிடாதீர்கள்.)

ஸ்பெயினின் செவில் நகரத்தார் 2019-ல் செய்த பிளாஸ்ஃபெமஸ் வேறு வழியில் போகிறது. அந்த ஊரின் புனித வார ஊர்வலத்தில் போடும் கூர்முனைத் தொப்பிதான் நாயகனின் தலைக்கவசத்துக்கு மூலம். ஒவ்வொரு முறை சாகும்போதும் செத்த இடத்தில் உன் குற்றம் கிடக்கும், திரும்பிப் போய் எடுக்காவிட்டால் பக்திச் சக்தியின் அளவு சுருங்கிக்கொண்டே வரும். குற்றவுணர்ச்சியை எண்ணாக்கியிருக்கிறார்கள் என்றாலும் அது கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவர்களின் எண்.

எனக்கு மிகப் பிடித்தது 2022-ல் வந்த பென்டிமென்ட். பதினாறாம் நூற்றாண்டு பவேரியா, ஒரு மடம், பக்கத்தில் ஒரு கிராமம், ஒரு கொலை. இதில் துறவிகளுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. நேரம் நகர்வதே மடத்தின் ஜெப வேளைகளை வைத்துத்தான், யார் வீட்டில் சாப்பிடுகிறோமோ அங்கே பேச்சோடு பேச்சாக யாருக்கு எதில் நம்பிக்கை, யாருக்கு மடத்தின் வரிமேல் கோபம் என்பது வந்து விழும். வசனங்கள் கையெழுத்தாகத் திரையில் எழுதப்பட்டுக்கொண்டே வரும், அதில் கடவுள் என்ற சொல் வர வேண்டிய இடம் மட்டும் காலியாக நிற்கும், வாக்கியம் முடிந்த பிறகு அதைச் சிவப்பு மையில் நிரப்புவார்கள், பழைய சுவடி எழுதிய துறவி மை மாற்றிக்கொண்டு திரும்பி வந்த மாதிரி. அதனால் எனக்கு எந்தப் பலனும் இல்லை, பொன் வராது, யானை மாறாது, முதல் ஒரு மணி நேரம் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பாஸ்டர் மகனிடம் இதைச் சொன்னேன். இப்போது அவனே ஊழியத்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க மாட்டான். சிவப்பு மை பற்றி முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லாருக்குடா, ஆனா அந்த மடத்துல ஒருத்தனையாவது வொலோலோ பண்ண முடியுமா?" என்றான். முடியாது என்றேன். அப்போ வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.